பழைய ட்ரையல்ஸ் பைக் வாங்கிய புதியவருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரையல்ஸ் ஓட்டத் தொடங்குபவர் முதல் சில மாதம் படும் பாட்டில் பாதிக்கு வண்டிதான் காரணம். டயரில் காற்று கூடுதலாக இருக்கும், கிளட்ச் முழுதாக விடாது, பின் பிரேக் பிடித்தபடியே இருக்கும். "எனக்கு இது வராது போல" என்று ஓட்டுபவர் தன்னையே நொந்துகொள்வார். செகண்ட் ஹேண்ட் வண்டியை முதல் வாரமே சரியாக அமைத்துவிட்டால், மிச்சம் இருப்பது கற்றுக்கொள்வது மட்டும்தான். கீழே உள்ளவை பிரிட்டனில் எளிதாகக் கிடைக்கும் பீட்டா, கேஸ் கேஸ், ஷெர்கோ போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை மனதில் வைத்து எழுதியவை.

ட்ரையல்ஸ் பைக் என்பது மோட்டோகிராஸ் பைக் மாதிரிதானா?

இல்லை. மோட்டோகிராஸில் வேகம்தான் எல்லாம். ட்ரையல்ஸில் பாறை, ஓடை, வேர், சேற்று மேடு என்று நாடா கட்டிப் பிரித்த சிறு பகுதியைக் காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். காலை ஊன்றாவிட்டால் 0. ஒரு முறை ஊன்றினால் 1, இரு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ 5. நிற்கக் கூடாது என்ற விதியில் நடக்கும் போட்டியில் வண்டி நின்றாலும் 5. குறைந்த புள்ளி எடுத்தவர் வெல்வார். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் ஊரை மையமாகக் கொண்டு நடக்கும் ஆறு நாள் ட்ரையலின் வரலாறு 1909-ல் தொடங்குகிறது. கனமான பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளே ஆண்ட அந்தப் போட்டியை 1965-ல் சாமி மில்லர் ஸ்பெயினின் புல்டாகோ டூ-ஸ்ட்ரோக்கில் வென்றார். இன்றைய வண்டிகள் அந்த வழியில் வந்தவை. எடை சுமார் 65 முதல் 75 கிலோ, இருக்கை என்று சொல்ல ஒன்றும் கிடையாது, எல்லாமே நின்றபடிதான். அமைப்பு எல்லாம் நிற்கும் ஆளை வைத்தே செய்யப்படுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

புதியவருக்கு எத்தனை சிசி?

வளர்ந்த ஆளுக்கு 200 அல்லது 250. 300 சிசி வண்டி மேட்டில் அருமையாக ஏறும். ஆனால் தடுமாறும் நேரத்தில் மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினாலும் வண்டி ஆளை விட்டுவிட்டுப் போய்விடும். 125-ஐ மேட்டில் ஏற்ற இன்ஜினை வேகமாகச் சுற்றவிட வேண்டும், அதற்குக் கிளட்ச் பழக்கம் வேண்டும். கையில் ஏற்கெனவே 300 இருந்தால் விற்க வேண்டியதில்லை. மெதுவாகத் திறக்கும் த்ராட்டில் குழாய் ஒன்றை மாட்டினால் அதுவே பெரிய மாற்றம்.

வாங்கும்போது எங்கே கை வைத்துப் பார்ப்பது?

ட்ரையல்ஸ் பைக்குக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. பளபளப்பான ஸ்டிக்கரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பின் மட்கார்டைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும் முன் "டக்" என்று ஒரு ஆட்டம் கையில் தெரிந்தால் ஷாக் லிங்கேஜ் (பின் ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகள்) பேரிங் போய்விட்டது. இது ஓட்ட முடியாத குறை அல்ல, விலை பேச வேண்டிய குறை. முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போல் இருந்தால் ஸ்டியரிங் பேரிங்கும் மாற்ற வேண்டும்.

அடுத்து படுத்துப் பாருங்கள். இன்ஜினுக்கு அடியில் உள்ள அலுமினியத் தகடு அடிபட்டுத்தான் இருக்கும், அதற்காகவே அது இருக்கிறது. தகடு உள்நோக்கி வளைந்து இன்ஜின் கேஸைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கவலை. ஃபுட்ரெஸ்ட் பொருத்திய இடத்திலும் ஸ்டியரிங் கழுத்திலும் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கியர் ஆயில் பார்க்கும் கண்ணாடி இருந்தால் எட்டிப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் வாட்டர் பம்ப் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியா என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

லிங்கேஜைக் கழற்றுவது. வண்டி நன்றாக ஓடினாலும் இதைத் தள்ளிப் போட வேண்டாம். ஸ்விங் ஆர்மையும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஷாக்கையும் இணைக்கும் அந்த மூட்டுகள் ஓடைத் தண்ணீரிலும் சேற்றிலும் முங்கியபடியே இருப்பவை. உள்ளே துரு பிடித்தால் பின்னால் போல்ட்டைச் சுத்தியலால் அடித்துக்கூட எடுக்க முடியாத நிலை வரும்.

அடித்தகட்டுக்குக் கீழே கட்டை வைத்துப் பின் சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் கீழ் போல்ட், லிங்கேஜ் போல்ட், ஸ்விங் ஆர்ம் அச்சு என்று ஒவ்வொன்றாக எடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம். உள்ளே இருப்பவை ஊசி பேரிங். சில வண்டிகளில் அந்த ஊசிகளைப் பிடிக்கக் கூடு கிடையாது, கிரீஸில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். புஷ்ஷை வெளியே தள்ளியதும் பழைய சாம்பல் நிறக் குழம்போடு குண்டூசி போல ஒவ்வொன்றாக உதிரும். எனவே கீழே தட்டு வைக்காமல் தள்ளாதீர்கள். எண்ணி எழுதி வைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, துரு இல்லாதவற்றைத் தண்ணீர் தாங்கும் கிரீஸ் பூசி வரிசையாக மீண்டும் ஒட்ட வையுங்கள். புஷ்ஷில் கோடு விழுந்து விரல் நகம் சிக்கினால் பேரிங், புஷ், சீல் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே சரி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் பேரிங் பல ஆண்டு வரும்.

டயரில் எவ்வளவு காற்று?

பின்னால் 4 முதல் 5 பிஎஸ்ஐ, முன்னால் 5 முதல் 6. சாலை வண்டியில் 28, 30 என்று அடித்துப் பழகியவருக்கு இது பஞ்சர் ஆன டயராகத் தெரியும். ஆனால் டயர் பாறையை அப்பிப் பிடிப்பதற்கு இந்தத் தளர்வுதான் காரணம். பின் டயர் 4.00-18 அளவு ரேடியல், டியூப் இல்லாதது. முன் டயர் 2.75-21, பெரும்பாலும் டியூப் உள்ளது. சாதாரண கேஜில் 5-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் கேஜ் ஒன்று தனியாக வாங்குங்கள். இந்த வண்டிக்கு வாங்கும் பொருட்களில் காசுக்கு இவ்வளவு பலன் தரும் வேறொன்று இல்லை.

90 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர், கூர்மையான பாறையில் ஓட்டுபவர் பின்னால் ஒரு பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ரிம் அடிபடும். கராஜில் பார்த்ததோடு விடாமல், ஓட்டும் இடத்துக்குப் போய், வண்டியை நிழலில் நிறுத்தி மறுபடி பாருங்கள். வெயிலில் வேனுக்குள் கிடந்த டயர் பொய் சொல்லும்.

பின் டயரின் கட்டைகளில் முன் விளிம்பு உருண்டுவிட்டால் பிடிமானம் போச்சு, ஆழம் மிச்சம் இருந்தாலும் சரி. சுற்றும் திசை அம்புக்குறி இல்லாத டயர் என்றால் கழற்றித் திருப்பிப் போட்டு இன்னும் சில மாதம் ஓட்டலாம். மறுபடி உட்கார வைக்க ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவி, டயரில் அச்சிட்ட அளவைத் தாண்டாமல் காற்று ஏற்றுங்கள். "படார்" என்று உட்காரும், விரலை ஓரத்தில் வைக்காதீர்கள். ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பிறகு 5-க்கு இறக்குங்கள்.

ஹேண்டில்பாரையும் லீவரையும் எப்படி வைப்பது?

ஃபுட்ரெஸ்டில் நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி, கையைக் கம்பி மேல் வையுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஹேண்டில்பாரின் எழும்பிய பகுதி ஃபோர்க்குக்கு இணையாக இருக்கட்டும். அதுதான் தொடக்கப் புள்ளி. தன் பக்கம் இழுத்து வைத்தால் நிற்க வசதியாகத் தோன்றும், ஆனால் மேட்டில் உடல் பின்னுக்குத் தள்ளப்படும்.

லீவரை ஒரே விரலால்தான் பிடிக்க வேண்டும், ஆள்காட்டி விரலால். அந்த விரல் லீவரின் நுனி வளைவில் விழுமாறு லீவர் அடைப்பை (லீவரைக் கம்பியில் பிடித்திருக்கும் கிளாம்ப்) உள்ளே தள்ளுங்கள். அடைப்பின் போல்ட்டை முழுதாக இறுக்க வேண்டாம். கம்பியில் இரண்டு சுற்று வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றி, ஓட்டும்போது நகராமல், கையால் ஓங்கித் தள்ளினால் சுழலும் அளவுக்கு இறுக்குங்கள். விழும்போது லீவர் திரும்பிக்கொள்ளும், உடையாது. த்ராட்டிலைத் திறந்து விட்டால் "டப்" என்று தானே மூட வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி வைத்தும் இதைச் சோதியுங்கள்.

மணிக்கட்டில் கட்டும் கில் ஸ்விட்ச் கயிறு கட்டாயம். கயிறை உருவினால் இன்ஜின் நிற்கிறதா என்று ஒவ்வொரு நாளும் ஒரு முறை பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது?

அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டருக்கு ஆயில் சேர்த்து ஊற்றியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்த வண்டிகளிலும் ஆயில் பம்ப் கிடையாது, கலந்துதான் ஊற்ற வேண்டும். நல்ல முழு சிந்தெடிக் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 75 மி.லி. பெரும்பாலான நவீன வண்டிகளுக்குப் பொருந்தும். 50-க்கு 1 என்று கையேடு சொன்னால் 100 மி.லி., 80-க்கு 1 என்றால் 62 மி.லி. அளக்க ஒரு மருந்து சிரிஞ்ச் போதும்.

"கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லதுதானே" என்று பலர் ஊற்றுகிறார்கள். ட்ரையல்ஸில் இன்ஜின் மெதுவாகவே சுற்றுவதால் கூடுதல் ஆயில் எரியாமல் பிளக்கை நனைக்கும், சைலன்சரில் கறுப்புக் கூழாகச் சேரும். பிறகு வண்டி இருமும், மேட்டில் திடீரென்று சக்தி பாயும். ஆயில் கலக்காத பெட்ரோலை மட்டும் ஒருபோதும் ஊற்றிவிடாதீர்கள், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எனவே கேன் மேல் "கலந்தது" என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

கியர் போட்டதும் வண்டி முன்னால் பாய்கிறது, கிளட்ச் விடவில்லை. ஏன்?

புதியவர்களை அதிகம் வதைக்கும் குறை இது. குளிர்ந்த வண்டியில் ஓரளவு இயல்பு, தகடுகள் ஆயிலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டாவது கியர் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தகடு விட்டதும் வண்டி லேசாக உருளும்.

சூடான பிறகும் இழுத்தால் மூன்று இடம் பார்க்க வேண்டும். முதலில் ஆயில். காரில் ஊற்றும் இன்ஜின் ஆயில் வேண்டாம். கையேடு சொல்லும் மெல்லிய கியர் ஆயில் அல்லது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றுங்கள், அளவையும் மீறாதீர்கள். இந்த இன்ஜின்கள் கொள்வது அரை லிட்டருக்கு முன்பின்தான். கேஸ் கேஸ் டிஎக்ஸ்டி ப்ரோ போன்றவை அதைவிடக் குறைவு. இரண்டாவது, கிளட்ச் லைனில் காற்று. லீவர் பஞ்சு போல் இருந்தால் பிளீட் செய்யுங்கள், அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: சில கிளட்ச் சிலிண்டர்களுக்கு டாட் 4 பிரேக் ஆயில், சிலவற்றுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் உப்பிப் போய்விடும். மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் சொட்டுக்கூட ஊற்றாதீர்கள்.

மூன்றாவது, தகடுகள். பீட்டா எவோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இங்கே வந்து சேர்வார்கள். உராய்வுத் தகட்டில் துண்டுகளை ஒட்டிய பசை ஓரத்தில் வழிந்து காய்ந்திருக்கும், அது பக்கத்து இரும்புத் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். செய்முறை:

1. பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டரை வடித்து, கிளட்ச் மூடி மேலே வருமாறு வண்டியைப் படுக்க வையுங்கள். ஆயிலை இறக்காமலே வேலை முடியும்.
2. மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.
3. தகடுகளை வந்த வரிசையிலேயே ஒரு துணி மேல் பரப்புங்கள். எது மேல் பக்கம் என்று மார்க்கரால் குறியுங்கள்.
4. துண்டுகளின் ஓரத்தில் பழுப்பாக, பளபளப்பாகத் தெரியும் பசையைச் சிறு கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். உராயும் முகத்தைத் தொட வேண்டாம்.
5. கரைப்பானில் கழுவி, புது கியர் ஆயிலில் ஓர் இரவு ஊற வைத்து மாட்டுங்கள். போல்ட் போகும் மரை அலுமினியம், சிறிய ஸ்பேனரால் மெதுவாக இறுக்கினால் போதும்.

ஒரு மாலை வேலைதான். முடித்ததும் வேறு வண்டி வாங்கியது போல் இருக்கும்.

சஸ்பென்ஷனை எதை வைத்து அமைப்பது?

உங்கள் எடையை வைத்து. பின் அச்சில் இருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு போல்ட் வரை அளவெடுங்கள், சக்கரம் தொங்கும் நிலையில் ஒன்று, பூட்ஸ் ஹெல்மெட்டோடு ஃபுட்ரெஸ்டில் நிற்கும்போது ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50 முதல் 60 மி.மீ. வர வேண்டும், அதாவது மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு. கூடுதலாக அமுங்கினால் ஷாக் ஸ்பிரிங்கின் வளையத்தை இறுக்குங்கள், குறைந்தால் தளர்த்துங்கள். சஸ்பென்ஷனின் கிளிக் திருகுகளைத் தொடும் முன் முழுதாக மூடி எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வையுங்கள், திரும்பி வர வழி வேண்டும். ஃபோர்க் ஆயில் 5 டபிள்யூ. ஃபோர்க் சீலில் கசிவு தெரிந்தால் உடனே சீல் வாங்க ஓடாதீர்கள். பழைய போட்டோ பிலிம் துண்டை சீலின் உதட்டுக்குள் நுழைத்து ஒரு சுற்று சுற்றினால் மாட்டியிருந்த மண் வெளியே வரும், பல சமயம் கசிவு நின்றுவிடும்.

பின் பிரேக்கில் பிடிப்பே இல்லை. சில நேரம் தானே பிடித்துக்கொள்ளவும் செய்கிறது.

இரண்டும் வேறு வேறு குறைகள். தானே பிடிப்பது பெடலில் தளர்வு இல்லாததால். தள்ளு கம்பிக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும், சூட்டில் ஆயில் விரிந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பிடிப்பு இல்லாததற்குப் பெரும்பாலும் காற்றே காரணம். வழக்கமாகப் பெடலை மிதித்து மிதித்து பிளீட் செய்வது இந்தக் குட்டி சிலிண்டரில் பலன் தராது. காலிப்பரைக் கழற்றி, நிப்பிள் (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) மேலே நிற்குமாறு பிடித்து, சிரிஞ்சில் டாட் 4 நிரப்பி நிப்பிள் வழியாக மேல்நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். காற்று தானே ஏற நினைக்கும் திசை அதுதான். டப்பா நிரம்பி வழியாமல் இன்னொரு சிரிஞ்சால் உறிஞ்சிக்கொண்டே இருங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

காற்றும் இல்லை, பிடிப்பும் இல்லை என்றால் பேடில் செயினுக்கு அடிக்கும் எண்ணெய் பட்டிருக்கும். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்து, 120 எண் எமரியால் வட்டமாகத் தேய்த்து, புது பேட் போடுங்கள். பிறகு பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஓட்டி, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஓட்டினால் பேட் பழகிக்கொள்ளும்.

ஐடிலிங்கில் இன்ஜின் அணைந்துவிடுகிறது, அல்லது ஆக்சிலேட்டரை விட்டும் இன்ஜின் இறங்க மறுக்கிறது.

அணைவதற்குக் காரணம் பெரும்பாலும் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு. பல நாள் நின்ற பெட்ரோலின் பிசின். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். காற்றுத் திருகை மெல்ல முழுதாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். இன்ஜின் சூடானதும் ஐடிலிங் எங்கே உச்சமோ அங்கே நிறுத்துங்கள்.

ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் இறங்காவிட்டால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். இதைத் திருகுகளால் மறைக்கப் பார்க்க வேண்டாம், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போகும்.

இன்ஜினை ஓடவிட்டு ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் ரேடியேட்டர் கொதிக்கிறது.

ஃபேனைப் பாருங்கள். நின்ற இடத்தில் சில நிமிடம் ஓடினால் அது சுழலத் தொடங்க வேண்டும். சுழலவில்லை என்றால் வெப்ப ஸ்விட்சின் இரண்டு வயரையும் ஒன்றாக இணைத்துச் சோதியுங்கள். அப்போது ஓடினால் ஸ்விட்ச் பழுது. ஓடாவிட்டால் கனெக்டரில் பச்சைப் பூஞ்சை போல் அரிப்பு இருக்கும், அல்லது ஃபேனே போயிருக்கும்.

ஏர் ஃபில்டரும் வண்டி கழுவுவதும்?

இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபில்டர் பெட்டிக்குள் தண்ணீர் போவது கழுவும்போதுதான். பிரஷர் வாஷரைச் சக்கர அச்சு, ஸ்டியரிங் கழுத்து, லிங்கேஜ், ஃபில்டர் பெட்டி ஆகியவற்றின் பக்கம் நேராகக் காட்டக் கூடாது. சைலன்சர் வாயை அடைத்துவிடுங்கள். ஓடையில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் போகாத கிரீஸ், அந்தத் துப்பாக்கி முன் பத்து நொடியில் போகும். பஞ்சு ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி, ஃபில்டர் ஆயிலில் பிசைந்து பிழிந்து, உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். தூசி நாளில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும், ஈர நாளில் இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒரு முறை.

சாலையில் ஓட்டலாமா?

பிரிட்டனில் தனியார் நிலத்தில் நடக்கும் போட்டிக்குச் சாலைப் பதிவு தேவையில்லை. ஒரு பகுதியில் இருந்து அடுத்ததற்குப் போகப் பொதுச் சாலையை நூறு மீட்டர் தொட்டாலும் பதிவு, காப்பீடு, உரிமம் வேண்டும், வண்டியின் வயதைப் பொறுத்து எம்ஓடி (வண்டித் தகுதிச் சோதனை) சான்றும் வேண்டும். எனவே வாங்கும்போதே வி5சி என்ற பதிவு ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் உள்ள எண்ணும் ஸ்டியரிங் கழுத்தில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

போட்டிக்குப் போகும்போது பையில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், இரண்டு லீவர், முன் டியூப் ஒன்று, செயின் இணைப்பு, கேபிள் டை, கம்பி, குறைந்த அழுத்த கேஜ், கைப் பம்ப். கிளம்பும் முந்தின இரவு ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுங்கள். ஒரே மாதிரி "டிங்" என்று வர வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது, கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். செயின் தளர்வைப் பின் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, முன் ஸ்ப்ராக்கெட் மூன்றும் நேர்கோட்டில் வரும் நிலையில் பாருங்கள். அப்போது கொஞ்சமாவது தளர்வு மிச்சம் இருக்க வேண்டும். கடைசியாக ஃபுட்ரெஸ்ட், அடித்தகடு, காலிப்பர் போல்ட்டுகள்.